அழைத்தால் வர வேண்டியவர்கள்

(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அரசு அழைத்தால் மட்டும் முழுநேரப் பணிக்கு வரும் ரிசர்வ் படையினருக்கும், அவர்கள் இறந்தபின் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் அரசு என்ன செய்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய பொருள். இதைப் பேசத் தாம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. கிழக்கே விமானப்படை நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சாலைக்கே கேம்ப் ரோடு என்றுதான் பெயர். வடக்கே பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம். பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு. பட்டாளத்தில் இருந்தும் பென்ஷன் வாங்காதவர்களும் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். இன்று நான் பேச வந்தது அவர்களைப் பற்றி.

முதலில், நம் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு துயரத்திலிருந்து தொடங்குகிறேன். 2016 ஜூலை 22 காலை எட்டரை மணியளவில் தாம்பரம் விமானப்படை நிலையத்திலிருந்து ஏஎன்-32 ரக விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. உள்ளே 29 பேர். விமானத்தை இயக்கும் குழுவினர் 6 பேர், பயணிகளாக விமானப்படையினர் 11 பேர், தரைப்படை வீரர்கள் 2 பேர், கடற்படையிலிருந்தும் கடலோரக் காவல்படையிலிருந்தும் ஒவ்வொருவர். மீதி 8 பேர் சீருடை அணியாதவர்கள், விசாகப்பட்டினத்தில் உள்ள கடற்படை ஆயுதக் கிடங்கின் ஊழியர்கள். வங்காள விரிகுடாவின் மேல் அந்த விமானம் ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. செப்டம்பர் நடுவில் 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடந்த செய்தி வந்தது. கண்டுபிடித்தது தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி. அந்தக் கழகம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. கேம்ப் ரோடு சந்திப்பில் பஸ் ஏறினால் அதே வேளச்சேரி சாலையில் போய் இறங்கிவிடலாம்.

உடல் இல்லாத சாவு குடும்பத்துக்கு எப்படிப்பட்டது என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. காகிதத்தில் அது என்ன ஆகிறது என்பதைச் சொல்கிறேன். காணாமல் போனவர் பற்றி ஏழாண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. படையில் அப்படிக் காத்திருக்க வைக்கவில்லை. விசாரணை நடத்தி, இறந்ததாகக் கொண்டு, குடும்ப ஓய்வூதியத்துக்கு வழி திறந்தார்கள். அரசு மனம் வைத்தால் விதி வளைந்து கொடுக்கும் என்பதற்கு அது சான்று. அதை நன்றியோடு சொல்லித்தான் மேலே போக வேண்டும்.

ஆனால் அந்த 29 பேரும் ஒரே விதிப் புத்தகத்தின் கீழ் பயணம் செய்யவில்லை. படைவீரர் பணியில் இருக்கும்போது பணி சம்பந்தமான விபத்தில் இறந்தால் மனைவிக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளத்தில் 60 விழுக்காடு. போரிலோ எதிரி நடவடிக்கையிலோ இறந்தால் தாராளக் குடும்ப ஓய்வூதியம், அது 100 விழுக்காடு. பணிக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் இறந்தால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். பணியில் இருக்கும்போது இறந்திருந்தால் முதல் பத்தாண்டுக்குப் பாதிச் சம்பளம், அதன்பின் 30 விழுக்காடு. சீருடை அணியாத ஊழியருக்கு வேறு விதிகள். அவர்களிலும் 2004 ஜனவரி 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வருகிறார். அந்தத் திட்டம் படைவீரருக்குப் பொருந்தாது. ஒன்றில் மட்டும் எல்லோரும் சமம். பணியின்போது நேரும் விபத்து மரணத்துக்கு மத்திய அரசு தரும் 25 லட்ச ரூபாய் கருணைத்தொகை இரு தரப்புக்கும் ஒன்றுதான். அந்தத் தொகையை நிர்ணயித்தவர்கள், ஆபத்து எல்லோருக்கும் ஒன்று என்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஓய்வூதியத்தில் அந்த நியாயம் நிற்கவில்லை. யார் எந்தப் பட்டியலில் இருந்தார் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. ரிசர்வ் படையினரின் கதை முழுவதும் இந்தப் பட்டியல்களின் கதைதான்.

1949 அக்டோபர் 9 அன்று பிராந்திய ராணுவத்தைத் தொடங்கி வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. டெரிட்டோரியல் ஆர்மி என்று நம் பையன்கள் சொல்வது இதைத்தான். இதற்கான சட்டம் 1948இல் வந்தது. கடைக்காரர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளி, இன்றைக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி வேலை பார்ப்பவர், யாரானாலும் தன் தொழிலை விடாமல் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மாதம் பயிற்சிக்கு வருவார். அரசு அழைத்தால் முழுநேர வீரராகப் போவார். 1962, 1965, 1971 போர்கள் எல்லாவற்றிலும் இவர்களை அழைத்தார்கள். கோயம்புத்தூரில் 110ஆவது பட்டாலியன் இருக்கிறது. சென்ற ஆண்டு, 2025 மே 6ஆம் தேதி, பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பிராந்திய ராணுவத்தின் ஒவ்வோர் அதிகாரியையும் வீரரையும் பணிக்கு அழைக்கத் தரைப்படைத் தளபதிக்கு அது அதிகாரம் கொடுத்தது. இருக்கும் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐ முழுநேரப் பணிக்குக் கொண்டுவரவும் அது வழி செய்தது. ஆகவே இது பழங்கதை அன்று. அந்த வாரத்தில் எத்தனையோ வீடுகளில் பெட்டி கட்டி வைத்திருப்பார்கள்.

அப்படி அழைக்கப்பட்டு முழுநேரப் பணியில் இருக்கும்போது, பணியின் காரணமாக உயிரிழந்தால், குடும்பத்துக்கு வழக்கமான படைவீரரின் குடும்பத்துக்கு உரியது கிடைக்கும். இது நியாயம். வேலை கொடுத்தவர், திரும்பி வரும் வீரரை மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் 1948 சட்டம் சொல்கிறது. இடர்ப்பாடு இவற்றுக்கு வெளியே இருக்கிறது. ஓய்வூதியத்துக்கு வீரருக்கு 15 ஆண்டு, அதிகாரிக்கு 20 ஆண்டு தகுதிப் பணி வேண்டும். முழுநேரப் பணியில் இருந்த நாட்கள் மட்டுமே அதில் சேரும். ஆண்டுக்கு இரண்டு மாதம் என்று 20 ஆண்டுகள் வந்து போனவரின் நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 40 மாதம்தான். மூன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. இருபது ஆண்டுகளும் அழைப்புக்குக் காத்திருந்தாரே, வெளிநாட்டு வேலையை விட்டாரே, முதலாளியிடம் விடுப்புக்கு மன்றாடினாரே, அவை எதுவும் கணக்கில் இல்லை.

அவருடைய மனைவியின் நிலை இன்னும் கடினம். 15 ஆண்டு முடித்து ஓய்வூதியத்தோடு வந்த சிப்பாய் வீட்டில் எந்த நோயால் இறந்தாலும் மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. காரணம் கேட்க மாட்டார்கள். முழுநேர அழைப்பு முடிந்து வீடு திரும்பி, மூன்றாண்டு கழித்து நெஞ்சுவலியில் இறந்த பிராந்திய ராணுவ வீரரின் மனைவியோ, அந்த நோய் பணியால் வந்தது என்று நிறுவ வேண்டும். மருத்துவப் பதிவுகள் படையிடம் இருக்கின்றன. நடைமுறையில் நிறுவும் சுமை மட்டும் அவர் தலையில். பதிவை வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதே நியாயம்.

இதே நியாயத்தை உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் வேறு வகையில் சொன்னது. பானி ராம் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கு. தரைப்படையில் சுமார் 25 ஆண்டு பணியாற்றி வெளிவந்தவர், மரம் நடுவதற்கும் இயற்கையைக் காப்பதற்கும் பிராந்திய ராணுவத்தில் இருக்கும் சுற்றுச்சூழல் படைப்பிரிவில் மறுபடி சேர்ந்தார். விடுப்புக் காலத்தில் விபத்து. 80 விழுக்காடு ஊனம். ஊன ஓய்வூதியம் கேட்டார். இந்தப் பிரிவினருக்கு அது கிடையாது, சேரும்போதே அந்த நிபந்தனைக்குச் சம்மதித்துத்தானே சேர்ந்தீர்கள் என்றது அரசு. படைத் தீர்ப்பாயமும் மறுத்தது. உச்ச நீதிமன்றம் அந்தச் சம்மதத்தை ஏற்கவில்லை. ஒரு பக்கம் வலிமை மிக்க அரசு, மறு பக்கம் ஒரு சாதாரணச் சிப்பாய். இந்த இருவருக்கும் நடுவில் பேரம் சமமாக நடக்க வழியே இல்லை, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர் உரிமையைக் கைவிட்டதாக ஆகாது என்று சொல்லி ஓய்வூதியம் கொடுக்கச் சொன்னது. ரிசர்வ் படையினர் சார்பில் பேசுகிற எவரும் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். வேலைக்காக வரிசையில் நிற்கும் பையனிடம் வாங்கும் கையெழுத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதற்கு இது அளவுகோல்.

பழைய ரிசர்வ் முறை ஒன்றும் இருந்தது. சில ஆண்டு கலர் சர்வீஸ், அதாவது முழுநேரப் படைப்பணி, பிறகு சில ஆண்டு ரிசர்வ். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆனால் கூப்பிட்டால் போயாக வேண்டும். இரண்டும் சேர்ந்து 15 ஆண்டு ஆனால் ரிசர்விஸ்ட் பென்ஷன், அதாவது ஒரு சிப்பாய்க்குரிய மிகக் குறைந்த ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கடற்படையில் பத்தாண்டு கப்பலில், பத்தாண்டு ரிசர்வில். 1976இல் கடற்படை தன் கொள்கையை மாற்றி, மாலுமிகளை ரிசர்வில் எடுப்பதை நிறுத்தியது. பத்தாண்டு முடித்தவர்கள் அப்படியே வெளியே அனுப்பப்பட்டார்கள். இரண்டாவது பத்தாண்டு இல்லாததால் ரிசர்விஸ்ட் பென்ஷனும் இல்லை என்றார்கள். வழக்கு 2016 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ரிசர்விஸ்ட் பென்ஷன் தர முடியாது, கொள்கை மாற்றத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்குச் சிறப்பு ஓய்வூதியம் தர வேண்டும் என்று தீர்ப்பு. கொள்கைக்கும் தீர்ப்புக்கும் நடுவில் 40 ஆண்டுகள். அதற்குள் எத்தனை மாலுமிகள் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பதை எண்ணும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

பரங்கிமலைக்கு வருகிறேன். 1962 சீனப் போரில் அதிகாரிகள் பற்றாக்குறை தெரிந்தவுடன், அவசரக் கமிஷன் கொடுத்து இளைஞர்களைப் பயிற்றுவிக்க 1963இல் இங்கே ஒரு பள்ளி திறந்தார்கள். இன்றைய அதிகாரிகள் பயிற்சிக் கழகம் அதுதான். அங்கே பயின்றவர்கள் 1965 போரில் நின்றார்கள். அவசரம் தீர்ந்தபின் பெரும்பாலோரை ஓய்வூதியம் இல்லாமல் விடுவித்தார்கள். ஈசிஹெச்எஸ் என்னும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் 2003இல் வந்தபோதும் அவர்களுக்கு இடம் இல்லை. 2019 மார்ச்சில்தான், இரண்டாம் உலகப் போர் வீரர்களோடும் குறுகிய காலக் கமிஷன் அதிகாரிகளோடும் சேர்த்து, அவர்களுக்கும் மனைவியருக்கும் அந்த அட்டை கிடைத்தது. 1963இல் இருபது வயதில் பரங்கிமலைக்கு வந்த இளைஞருக்கு அப்போது எழுபத்தாறு வயது.

இனி ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் இந்தப் பக்கம்தான், பெயர் வேண்டாம். கணவர் ரிசர்வ் பணியும் முடித்தவர், இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த அம்மா ஒரு பழைய துணிப்பையிலிருந்து காகிதங்களை எடுத்துக் கட்டில்மேல் பரப்பினார். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவியின் பெயர் ஓர் எழுத்து குறைவாக இருந்தது. ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல். வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் இனிஷியல். ரெக்கார்ட் ஆபீஸில் பதிந்த பிறந்த தேதி வேறு. கல்யாணம் நடந்ததைப் படையில் பதியும் பார்ட் டூ ஆர்டர் எந்தக் காலத்திலும் வெளியானதாகத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் இனிஷியல் கல்யாணத்தோடு மாறும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். குடும்பப் பெயர் கேட்டு அச்சடித்த வடநாட்டுப் படிவத்துக்கு அது தெரியாது. அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “கூப்பிட்டப்ப எல்லாம் போனாரு சார். இப்ப நான் போனா, நீ யாருன்னு கேக்கிறாங்க.”

எனக்குத் தெரிந்து, இந்தப் பக்கத்துக் குடும்பங்களை அதிகம் வதைப்பது இந்தப் பெயர்ப் பொருத்தம்தான். தொகை குறைவு என்பது அடுத்த கவலை. படை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம் வந்தபின் ஓய்வூதியம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. பல தாமதங்கள் குறைந்ததும் உண்மை. ஆனால் பழைய பதிவில் இருந்த பிழை அப்படியே கணினிக்குள் ஏறிவிட்டது. எண்பது வயது மூதாட்டி நெட் சென்டர் வாசலில் ஓடிபிக்காக நிற்கிறார்.

பதிவு வைக்கும் பொறுப்பு பழங்காலத்தில் யாரிடம் இருந்தது என்று பாருங்கள். செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறையக் கிடைத்துள்ளன. நிரை மீட்டு இறந்தவன் உருவத்தைச் செதுக்கி, எந்த அரசன் காலத்தில், யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான் என்று பொறித்திருப்பார்கள். சிலவற்றில் அவன் குடும்பத்துக்கு நிலம் விட்ட செய்தியும் அதே கல்லில் இருக்கிறது. கொடையைப் பதிய வேண்டியது கொடுத்தவர் பொறுப்பாக இருந்தது. ஊரும் அதற்குச் சாட்சி. விதவை போய் நிரூபிக்க வேண்டியதில்லை.

மாநில அரசின் பங்கையும் சொல்லியாக வேண்டும். முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு மாவட்டந்தோறும் அலுவலகம் இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் சோல்ஜர் போர்டு என்பார்கள். 1949 முதல் டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள் வசூல் நடக்கிறது. கல்வி உதவி, திருமண உதவி, மருத்துவ உதவி உண்டு. 2025இல் தொடங்கிய ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடன், அதில் 30 விழுக்காடு மானியம், வட்டியில் 3 விழுக்காடு சலுகை. பணியில் இறந்தவர்களின் மனைவியரும் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் நலநிதியிலிருந்து, ஓய்வூதியம் இல்லாத 65 வயது கடந்த ஏழை முன்னாள் வீரருக்கும் விதவைக்கும் மாதம் 4,000 ரூபாய் தந்ததை 2025 நவம்பர் முதல் 8,000 ஆக்கியிருக்கிறார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இவற்றின் வாசலில் எல்லாம் ஒரே கேள்விதான்: முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வருகிறீர்களா? பிராந்திய ராணுவத்தினரில் ஓய்வூதியம் பெறுவோர், பணியால் ஊனமுற்றோர், வீர விருது பெற்றோர் ஆகிய மூன்று வகையினரைத்தான் அந்த வரையறை சேர்த்துக்கொள்கிறது. இருபது ஆண்டு வந்து போய், காயமும் படாமல், பதக்கமும் பெறாமல், 40 மாதக் கணக்கோடு வீடு திரும்பியவர் அரசின் கண்ணில் முன்னாள் படைவீரரே அல்லர். அவர் மனைவி எந்த வரிசையில் நிற்பது?

வெளிநாடுகளில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரிசர்வ் வீரரின் ஒவ்வொரு பயிற்சி நாளுக்கும் புள்ளி உண்டு. ஆண்டுக்கு 50 புள்ளி சேர்ந்தால் அந்த ஆண்டு கணக்கில் ஏறும். அப்படி 20 ஆண்டு ஆனால் பொதுவாக 60 வயதில் ஓய்வூதியம். தொகை முழுநேர வீரருக்குரியதைவிடக் குறைவுதான், ஆனால் பகுதிநேர ஆண்டுகள் வீணாவதில்லை. சிங்கப்பூரில் நம் தமிழ்ப் பிள்ளைகள் 1967 முதல் தேசிய சேவை செய்கிறார்கள். ரிசர்வ் பயிற்சிக்கு அழைக்கும் நாட்களில் வேலையில் இழக்கும் சம்பளத்தை அரசு ஈடுகட்டுகிறது. சிறிய நாடு, பணக்கார நாடு என்று இதைத் தள்ளிவிடலாம். நான் கேட்பது பெரும் பணம் அன்று, கணக்கு வைக்கும் முறைதான்.

கடைசியாக, இங்கே தாம்பரத்திலேயே நடப்பது. விமானப்படையின் 8ஆவது தேர்வு மையம் நம் நிலையத்துக்குள் இருக்கிறது. அக்னிவீர் வாயு தேர்வுக்கு வெளியூர்ப் பையன்கள் முதல்நாள் இரவே ரயில் நிலையத்தில் வந்து படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்னிவீரர்களைச் சேர்க்கும் இந்தத் திட்டத்தை 2022 ஜூன் 14 அன்று அறிவித்தார்கள். நான்கு ஆண்டுப் பணி. அதிகபட்சம் 25 விழுக்காட்டினரைத் தக்கவைப்பார்கள். மற்றவர்களுக்கு முடிவில் சுமார் 11.71 லட்ச ரூபாய் சேவா நிதி, அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்தது. ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதி இல்லை, கேன்டீன் அட்டை இல்லை, ஈசிஹெச்எஸ் இல்லை. பணியின் காரணமாக இறந்தால் 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை, மீதிக் காலத்துச் சம்பளம் எல்லாம் உண்டு. சிறிய தொகை அல்ல. ஆனால் பக்கத்தில் நின்று இறந்த வழக்கமான வீரரின் மனைவிக்கு ஆயுள் முழுக்க வரும் மாத ஓய்வூதியம் அக்னிவீரரின் குடும்பத்துக்கு வராது. முதல் அணி 2022 இறுதியில் பயிற்சிக்குப் போனது. அவர்களின் நான்கு ஆண்டு இந்த 2026இன் இறுதியில் முடியத் தொடங்குகிறது. 21 வயதிலும் 25 வயதிலும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வீடு திரும்புவார்கள். நாளை ஒரு போர் வந்தால் அரசு முதலில் தேடுவது இவர்களைத்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே நான் கேட்பவை நான்கு. பிராந்திய ராணுவத்தில் பத்தாண்டோ அதற்கு மேலோ ஒழுங்காக வந்து போனவரை, முழுநேர நாட்கள் எத்தனை ஆனாலும், மாநில அரசாவது தன் நலத்திட்டங்களுக்கு முன்னாள் படைவீரராக ஏற்க வேண்டும். இதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. பணிக்காலத்தில் தொடங்கியிருக்கக்கூடிய நோயால், பணி முடிந்த சில ஆண்டுகளுக்குள் இறந்தால், பணிக்குத் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு படையிடம் இருக்க வேண்டும். பணியின் காரணமாக இறக்கும் அக்னிவீரரின் பெற்றோருக்கும் மனைவிக்கும் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் வேண்டும். இனிஷியல் வேறுபாட்டுக்கு வட்டாட்சியர் தரும் ‘ஒருவரே இவர்’ சான்றை எல்லா ரெக்கார்ட் ஆபீஸ்களும் மறுபேச்சின்றி ஏற்க வேண்டும்.

இவை நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் பட்டாளத்தில் இருந்தவர் உயிரோடு இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பாருங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா, கல்யாணமும் பிள்ளைகள் பிறப்பும் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அவர் ஒரு கையெழுத்தில் திருத்தக்கூடியதை, அவருக்குப் பின் நீங்கள் ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்து திருத்த வேண்டியிருக்கும். காகிதங்களோடு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்தபின் இருங்கள். ஸ்பர்ஷ் படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு நண்பர்கள் என்னோடு வந்திருக்கிறார்கள். மேடைக்கு இடப்பக்க அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.